அங்கோலாவில் கியூபா: எய்தவன் யார், அம்பு யார்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "ஒரு கோடி மக்கள்கூட இல்லாத கியூபா, கடல் கடந்து 11,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அங்கோலாவுக்கு 1975ல் ராணுவத்தை அனுப்பியது. அது சோவியத் யூனியன் சொல்லித்தானே நடந்தது? கியூபா வெறும் அம்பு, எய்தவன் மாஸ்கோவில் இருந்தான் என்று சொல்லலாமா? அங்கே அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளுக்குக் கியூபா வீரர்கள் காவல் நின்றதாகவும் படித்தேன். அது கட்டுக்கதையா?" எண்ணெய் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முடிவெடுத்தது யார் என்பது ஒன்று. அந்த முடிவைத் தாங்கிப் பிடித்தது யார் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எந்தப் பதிலும் பாதிதான் பொருந்தும்.

நான் கல்லூரியில் 26 ஆண்டுகள் உலக வரலாறு நடத்தியவன். ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்கள் என் சிறப்புப் பாடம். ஸ்பானிய மொழி சரளமாக வாசிப்பேன்; போர்த்துகீசியம் அகராதி துணையோடுதான். ஆகவே அங்கோலாவின் சொந்தக் குரலைவிட கியூபாவின் குரலை நான் நெருக்கமாகக் கேட்டிருக்கிறேன். என் பதிலில் அந்தச் சாய்வு இருக்கலாம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் பாடம் நடத்தத் தொடங்கியபோது நானும் "மாஸ்கோ ஏவியது, ஹவானா போனது" என்றுதான் கரும்பலகையில் எழுதினேன். பாடநூல்கள் அப்படித்தான் சொல்லின. பிறகு ஆவணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தபோது குறிப்புகளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தது. முதல் சில ஆண்டு மாணவர்களுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தல் இன்றும் உண்டு. இவ்வளவு நீளமாக எழுத அதுவும் ஒரு காரணம்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகலில் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ஆப்பிரிக்காவில் முடிவே இல்லாமல் நடந்துகொண்டிருந்த காலனியப் போர்களில் சலித்துப்போனவர்கள் அவர்கள். அங்கோலாவுக்கு விடுதலை உறுதியானது. ஆனால் யாரிடம் கொடுப்பது? அங்கே மூன்று இயக்கங்கள் இருந்தன. அகோஸ்தின்ஹோ நெட்டோ தலைமையில் இடதுசாரி இயக்கமான எம்பிஎல்ஏ; இதற்குத் தலைநகர் லுவாண்டாவிலும் கிம்புண்டு மக்களிடமும் செல்வாக்கு. ஹோல்டன் ராபர்ட்டோவின் எஃப்என்எல்ஏ. வடக்கே பகோங்கோ மக்களிடையே வேரூன்றியது, பக்கத்து நாடான ஜைரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டுவின் ஆதரவு பெற்றது. ஜோனாஸ் சவிம்பியின் யுனிடா. மத்திய மேட்டுநிலத்து ஒவிம்புண்டு மக்களிடையே பலம் கொண்டது. 1975 ஜனவரியில் போர்ச்சுகலின் அல்வோரில் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். கூட்டு இடைக்கால அரசு, தேர்தல், நவம்பர் 11 அன்று விடுதலை. ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் லுவாண்டா தெருக்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

வெளியார் தலையீடு கியூபாவோடு தொடங்கவில்லை என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். எஃப்என்எல்ஏவுக்குப் பயிற்சி கொடுக்கச் சீனா 1974லேயே ஆட்களை அனுப்பியிருந்தது. எம்பிஎல்ஏவுக்கு சோவியத் ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. அல்வோர் ஒப்பந்தம் முடிந்த அதே மாதத்தில் ராபர்ட்டோவுக்கு 3 லட்சம் டாலர் கொடுக்க வாஷிங்டன் ஒப்புதல் தந்தது. ஜூலையில் அமெரிக்க அதிபர் ஃபோர்டு, எஃப்என்எல்ஏவுக்கும் யுனிடாவுக்கும் உதவ ஒரு பெரிய ரகசியத் திட்டத்துக்கே கையெழுத்திட்டார். முதலில் 1.4 கோடி டாலர். பிறகு அது இரட்டிப்புக்கும் மேலாகப் போனது. ஆப்பிரிக்க விவகாரங்களைக் கவனித்துவந்த அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி நத்தானியேல் டேவிஸ், இது பலிக்காது, ரகசியமாகவும் இருக்காது என்று எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. பதவி விலகினார்.

தென்னாப்பிரிக்காவின் கணக்கு வேறு. நமீபியா அப்போது அவர்கள் பிடியில் இருந்தது. அங்கோலாவில் இடதுசாரி அரசு வந்தால், நமீபிய விடுதலைக்குப் போராடும் ஸ்வாபோவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் தளம் கிடைத்துவிடும் என்ற பயம். 1975 அக்டோபர் 14 அன்று 'ஸூலு' என்ற படைப்பிரிவு நமீபியாவிலிருந்து எல்லை தாண்டியது. கூலிப்படை என்று காட்டிக்கொள்ள அடையாளங்களைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். கவச வண்டிகள் கடற்கரைச் சாலையில் வடக்கே விரைந்தன. நவம்பர் தொடக்கத்தில் பெங்குவேலாவும் லொபிட்டோவும் விழுந்தன. வடக்கிலிருந்து ராபர்ட்டோவும் ஜைர் படையும் லுவாண்டாவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். நவம்பர் 11 அன்று லுவாண்டா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அரசு. எல்லோருடைய ஓட்டமும் அந்தத் தேதியை நோக்கித்தான்.

இந்த நேரத்தில் அங்கோலாவில் இருந்த கியூபர்கள் ஏறத்தாழ 500 பேர். நெட்டோ கேட்டதன்பேரில் அக்டோபர் முதல் வாரங்களில் கப்பலில் வந்த பயிற்சியாளர்கள், நான்கு பயிற்சி முகாம்களில் பிரிந்திருந்தார்கள். பெங்குவேலாவுக்கு அருகே காத்தெங்கே என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கப் படையை முதன்முதலில் எதிர்கொண்டவர்களும் இவர்கள்தான். அங்கே கியூபர்கள் இறந்தார்கள். செய்தி ஹவானாவை எட்டியதும் நவம்பர் 4 அன்று கியூபத் தலைவர் காஸ்ட்ரோ படை அனுப்ப முடிவெடுத்தார். நடவடிக்கையின் பெயர் 'கார்லோட்டா'. 1843 நவம்பரில் கியூபாவின் மத்தான்சாஸ் பகுதிக் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆப்பிரிக்கப் பெண்ணின் பெயர் அது. பெயரிலேயே அவர்கள் உலகத்துக்கு ஒன்றைச் சொல்ல விரும்பினார்கள்: நாங்களும் அங்கிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள்தான்.

போன விதத்தைப் பாருங்கள். கியூபாவிடம் அட்லாண்டிக்கைத் தாண்டப் பெரிய ராணுவ விமானம் ஒன்றுகூட இல்லை. இருந்தவை பிரிட்டிஷ் தயாரிப்பான பிரிஸ்டல் பிரிட்டானியா என்ற பழைய பயணிகள் விமானங்கள், காற்றாடி வைத்தவை. நவம்பர் 7 அன்று முதல் விமானம் கிளம்பியது. உள்துறை அமைச்சகத்தின் சிறப்புப் படையினர் சுற்றுலாப் பயணிகள் போலக் கோடைக்கால உடுப்பில் ஏறினார்கள். பார்பேடோஸில் எரிபொருள், கினி-பிசாவில் எரிபொருள், அப்புறம் லுவாண்டா. விமான நிலையம் அப்போதும் போர்த்துகீசியர் பொறுப்பில்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அமெரிக்க நெருக்கடியால் பார்பேடோஸ் கதவைச் சாத்தியது. வேறு வழி தேடி அலைந்தார்கள். ஒரு வல்லரசு திட்டமிட்டு அனுப்பிய படை இப்படியா போகும்? மாணவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

லுவாண்டாவின் தலைவிதி தீர்ந்த இடம் கிஃபாங்கோண்டோ. நகரத்திலிருந்து 20 சொச்சம் கிலோமீட்டர், பெங்கோ ஆற்றங்கரை. நகரத்துக்குக் குடிநீர் போகும் நிலையமும் அங்கேதான். நவம்பர் 10 காலை ராபர்ட்டோ, ஆலோசகர்கள் வேண்டாம் என்றும் கேட்காமல், நேர்ச் சாலையில் படையை இறக்கினார். சாலைக்கு இரண்டு பக்கமும் சதுப்பு. விலகி ஓட இடமில்லை. பின்னால் மேட்டில் தென்னாப்பிரிக்கர்களின் பீரங்கிகள், ஜைரிலிருந்து வந்த வட கொரியத் தயாரிப்பு பீரங்கிகள் இரண்டு. அவற்றில் ஒன்று முதல் குண்டிலேயே வெடித்துத் தன் ஆட்களையே கொன்றது. எதிர்க்கரையில் எம்பிஎல்ஏ படையும் கியூபர்களும் காத்திருந்தார்கள். கவச வண்டிகள் அந்த ஒற்றைச் சாலையில் வரிசையாக வந்து சிக்கியதும் பீரங்கிகளும் பிஎம்-21 ராக்கெட்டுகளும் இறங்கின. எஃப்என்எல்ஏ அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதே நாள் நண்பகலில் லுவாண்டாவில் போர்த்துகீசிய ஆணையர் கொடியை இறக்கி, ஆட்சியை எந்த இயக்கத்திடமும் கொடுக்காமல் "அங்கோலா மக்களிடம்" ஒப்படைப்பதாக அறிவித்துவிட்டுக் கப்பலேறினார். நள்ளிரவில் நெட்டோ விடுதலையை அறிவித்தார்.

சரி, முடிவெடுத்தது யார்? இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஹவானாதான். கியூபாவின் மூடிய ஆவணக் காப்பகத்துக்குள் அனுமதி பெற்ற வரலாற்றாய்வாளர் பியரோ கிளைஹேசஸ் கண்டெடுத்த ஆவணங்களும், சோவியத் அதிகாரிகள் பின்னாளில் சொன்னதும், அமெரிக்க ஆவணங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. எல்லாவற்றையும்விடக் கனமான சாட்சி, அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்ஜர். கியூபா மாஸ்கோவின் ஏவலாள் என்று அன்று உலகெங்கும் சொன்னவர் அவர். பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில், மாஸ்கோ நெருக்காமல் காஸ்ட்ரோ இவ்வளவு தூரம் போயிருப்பார் என்று தன்னால் அன்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்றும், கிடைத்திருக்கும் சான்றுகள் நேர்மாறாகக் காட்டுகின்றன என்றும் ஒப்புக்கொண்டார். மாஸ்கோவின் தயக்கத்துக்கும் காரணம் இருந்தது. 1975 ஆகஸ்டில்தான் மேற்கு நாடுகளோடு பதற்றத்தைத் தணிக்கும் உடன்பாடு ஹெல்சின்கியில் கையெழுத்தாகியிருந்தது. அணு ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு போருக்காக அமெரிக்காவோடு கிடைத்த இணக்கத்தைக் கெடுத்துக்கொள்ள சோவியத் தலைவர் பிரஷ்னெவ் விரும்பவில்லை. கியூபப் படைகளைச் சுமக்க சோவியத் விமானங்கள் வந்தது 1976 ஜனவரியில்தான். அதாவது தலைநகரம் தப்பித்து இரண்டு மாதம் கழித்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. "தென்னாப்பிரிக்கா முதலில் வந்தது, கியூபா பதிலுக்கு வந்தது" என்று கியூப ஆதரவாளர்கள் சொல்வது படைகளைப் பொறுத்தவரை சரி. அக்டோபர் 14 முதலில், நவம்பர் 4 பிறகு. ஆனால் கியூபப் பயிற்சியாளர்கள் ஸூலு எல்லை தாண்டுவதற்கு முன்பே இறங்கிவிட்டார்கள். அதற்கும் முன்னால், ஆகஸ்டிலேயே, எல்லையோரக் கலுவேக்கே நீர்த்தேக்கத்தைத் தென்னாப்பிரிக்கா பிடித்துவைத்திருந்தது. இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். யார் முதலில் என்ற வழக்கைவிட, இரு தரப்பும் ஒரே மாதங்களில் தனித்தனியாக ஆழம் பார்த்துக்கொண்டிருந்தன என்பதே ஆவணங்களுக்கு நெருக்கமான சித்திரம். தென்னாப்பிரிக்காவை உள்ளே வரச் சொன்னது அமெரிக்காவா என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. தெரிந்து கண்டுகொள்ளாமல் இருந்தது என்பதுவரை நான் நிச்சயமாகச் சொல்வேன். தூண்டிவிட்டது என்று சொல்ல என் கையிலுள்ளது போதாது.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். முடிவு கியூபாவுடையது, ஆனால் சுமை தாங்கியது சோவியத் யூனியன். டாங்கிகள், ராக்கெட்டுகள், பின்னாளில் மிக் போர் விமானங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. கியூபாவின் சொந்தப் பொருளாதாரமே சோவியத் எண்ணெயிலும் அவர்கள் சர்க்கரைக்குக் கொடுத்த விலையிலும்தான் ஓடியது. அந்தத் துணை இல்லாமல் 1976 தொடக்கத்தில் 36,000 பேரையும் 1988ல் 50,000க்கும் மேற்பட்டவர்களையும் அங்கே நிறுத்தியிருக்கவே முடியாது. ஆகவே அம்பு என்ற உவமை பொருந்தாது. வில்லைக் கொடுத்தவன் ஒருவன், எய்தவன் இன்னொருவன். வில் கொடுத்தவனுக்குச் சில நேரம் கோபமும் வந்தது.

அந்தக் கோபத்துக்கு நல்ல சான்று எண்பதுகளில் இருக்கிறது. சவிம்பியின் கோட்டையான தென்கிழக்கு மூலைக்குப் பெரும் படை அனுப்பித் தாக்க வேண்டும் என்று சோவியத் ஆலோசகர்கள் அங்கோலா ராணுவத்தை வற்புறுத்திக்கொண்டே இருந்தார்கள். தென்னாப்பிரிக்க விமானங்களின் கண்ணெதிரே அவ்வளவு தூரம் போகாதீர்கள் என்றார்கள் கியூபர்கள். 1987ல் படை போனது. லொம்பா ஆற்றங்கரையில் அக்டோபர் 3 அன்று அங்கோலா ராணுவத்தின் ஒரு முழு பிரிகேடே சிதைந்தது. மிஞ்சியவர்கள் குயிட்டோ குவானவாலே என்ற சின்ன ஊருக்குப் பின்வாங்கினார்கள். நவம்பர் 15 அன்று மறுபடியும் காஸ்ட்ரோ மாஸ்கோவைக் கேட்காமலே தன் நல்ல விமானிகளையும் டாங்கிகளையும் அனுப்ப முடிவெடுத்தார். 1988 மார்ச் 23 வரை தென்னாப்பிரிக்கரும் யுனிடாவும் மோதியும் ஊர் விழவில்லை. இதற்கிடையே கியூபப் படை தென்மேற்கில் நமீபிய எல்லையை நோக்கி இறங்கியது. ஜூன் 27 அன்று கியூப மிக் விமானங்கள் கலுவேக்கேயில் குண்டு போட்டன. தென்னாப்பிரிக்க வீரர்கள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

குயிட்டோ குவானவாலேயில் வென்றது யார் என்று கேட்டால் சண்டை இன்றும் முடியவில்லை. தங்கள் பக்கம் இறந்தவர்கள் மிகக் குறைவு, ஊரைப் பிடிப்பது நோக்கமே இல்லை என்பார்கள் தென்னாப்பிரிக்கத் தளபதிகள். லொம்பாவில் அவர்கள் வென்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் அரசியல் கணக்கில் எனக்குக் குழப்பம் இல்லை. 1988 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் கையெழுத்திட்டன. கியூபர்கள் படிப்படியாக வெளியேறுவார்கள். ஐநா தீர்மானம் 435இன்படி நமீபியா விடுதலை பெறும். 1990 மார்ச் 21 அன்று அது நடந்தது. அந்த மாற்றத்தைக் கண்காணித்த ஐநா படையின் தளபதி ஓர் இந்தியர், லெப்டினன்ட் ஜெனரல் பிரேம் சந்த். 1991 ஜூலையில், சிறையிலிருந்து விடுதலையாகி ஒன்றரை ஆண்டுகூட நிறையாத மண்டேலா கியூபாவுக்கே போய் நன்றி சொன்னார்.

இதனால் கியூபாவை வெறும் விடுதலை வீரனாக வரைந்துவிடக் கூடாது. அது ஓர் உள்நாட்டுப் போரில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பக்கத்தின் பாவங்களுக்கும் துணை போனது. 1977 மே 27 அன்று எம்பிஎல்ஏவுக்குள்ளேயே நிட்டோ ஆல்வெஸ் ஆதரவாளர்கள் கிளர்ந்தபோது, வானொலி நிலையத்தை மீட்டு நெட்டோவைக் காப்பாற்றியவர்கள் கியூபர்கள். அதன் பிறகு அரசு நடத்திய பழிவாங்கலில் எத்தனை ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கு இல்லை. அதற்காக அங்கோலா அதிபர் லொரென்சோ மன்னிப்புக் கேட்டது 2021ல். அப்பாவை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமலே பிள்ளைகள் 44 வருடம் காத்திருந்தார்கள். பனிப்போர்க் கதையை இரண்டு தலைநகரங்களின் சதுரங்கமாகப் பேசும்போது இவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. எனக்கு அது பொறுக்க முடியாத விஷயம்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கியூப அரசு சொல்லும் கணக்கில் அங்கோலாவில் இறந்த கியூபர்கள் 2,000 சொச்சம். மேலை நாட்டு மதிப்பீடுகள் சில இதைவிடப் பல மடங்கு சொன்னாலும் அவற்றுக்கு ஆதாரம் மெலிது. மாறாக அங்கோலா மக்கள் எத்தனை பேர் என்றால் பலரும் 5 லட்சம் என்ற உருண்டை எண்ணைத்தான் சொல்கிறார்கள். யாரும் தலை எண்ணவில்லை, அதை மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போரும் கியூபர்கள் 1991 மேயில் கிளம்பியதோடு முடியவில்லை. 1992 தேர்தல் முடிவைச் சவிம்பி ஏற்கவில்லை. 2002 பிப்ரவரியில் அவர் கொல்லப்படும்வரை ஊர்கள் எரிந்தன. வல்லரசுப் போட்டி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் சோவியத் யூனியன் மறைந்ததுமே துப்பாக்கிகளும் ஓய்ந்திருக்க வேண்டுமே.

கடைசியாக எண்ணெய். கட்டுக்கதை இல்லை, உண்மை. அங்கோலாவின் மற்ற நிலப்பரப்போடு ஒட்டாமல் வடக்கே தனியாக இருக்கும் கபிண்டாவின் கடலில் அமெரிக்க நிறுவனமான கல்ஃப் ஆயில் 1968 முதல் எண்ணெய் எடுத்துவந்தது. 1975 டிசம்பரில் அமெரிக்க அரசின் நெருக்கடியால் உற்பத்தியை நிறுத்தி, லுவாண்டாவுக்குத் தர வேண்டிய பணத்தையும் முடக்கிவைத்தது. சில மாதங்களில் எம்பிஎல்ஏ அரசோடு பேசி வேலையைத் தொடர்ந்தது, பணமும் போனது. கபிண்டாவில் கியூபப் படை காவல் இருந்தது. 1985 மேயில் தென்னாப்பிரிக்கச் சிறப்புப் படையின் சிறு குழு ஒன்று அங்குள்ள மலோங்கோ எண்ணெய் வளாகத்தைத் தகர்க்க ரகசியமாகக் கரையேறியது. அங்கோலா ராணுவம் அவர்களைக் கண்டுபிடித்து இருவரைக் கொன்று, தலைமை தாங்கிய கேப்டனைப் பிடித்தது. அடுத்த ஜனவரியில், 1986ல், அமெரிக்க அதிபர் ரீகன் சவிம்பியை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். அந்த ஆண்டே யுனிடாவுக்கு விமானங்களை வீழ்த்தும் அமெரிக்க ஸ்டிங்கர் ஏவுகணைகள் போயின. கபிண்டாவில் எண்ணெய் அப்போதும் நிற்கவில்லை. அந்த ஏவுகணைகளுக்கு எதிரே நின்ற அங்கோலா ராணுவத்துக்கும், கியூபர்களின் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் லுவாண்டா அரசு செலவழித்த பணத்தில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதியைக் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்தது அமெரிக்க நிறுவனம்.